மலையில் லினக்ஸ் போடுபவர்கள் கேட்கும் கேள்விகள்: பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம், வேகம்

கோத்தகிரியில் பழைய கணினிகளைச் சரிசெய்து லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். அரவேனு, கட்டபெட்டு, குன்னூர் பக்கமிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் தாங்களாகவே நிறுவிப் பார்த்து, "எந்த டிஸ்க்கில், எப்படிப் பிரித்துப் போட வேண்டும்" என்று கேட்கும் திரையில் நின்றுபோய் எனக்கு ஃபோன் செய்கிறவர்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஃபோனில் அவசரமாகச் சொல்வதைவிட நிதானமாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

பார்ட்டிஷன், ஃபைல் சிஸ்டம் ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா?

இல்லை. எஸ்டேட்டில் ஃபீல்டு நம்பர் போட்டு நிலத்தைப் பிரித்து வைத்திருப்பார்கள் அல்லவா, அதுதான் பார்ட்டிஷன். டிஸ்க்கில் இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை ஒரு பகுதி என்று எல்லை போடுவது. அந்த எல்லைக்குள் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, யாருக்குச் சொந்தம், எந்த இடம் காலி என்று கணக்கு வைப்பது ஃபைல் சிஸ்டம். எல்லை ஒன்று, கணக்கு வேறு.

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது. எல்லாம் "/" என்ற ஒரே வேரிலிருந்து கிளைக்கும். வேறு பார்ட்டிஷனை இந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் பொருத்துவோம். இதை மவுண்ட் செய்வது என்பார்கள். உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் இடம் "/ஹோம்".

விண்டோஸ்ல மாதிரி நாலா பிரிச்சா வேகமா ஓடுமா?

ஓடாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் மெதுவாகத்தான் ஆகும். படிக்கும் முனை ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும்; தாவிய பிறகு, வேண்டிய இடம் சுழன்று கீழே வரும் வரை காத்திருக்க வேண்டும். மடிக்கணினிகளில் வரும் 5,400 சுற்று டிஸ்க்கில் அந்தக் காத்திருப்பு மட்டும் சராசரியாக 5.6 மில்லிசெகண்ட். கேட்கச் சிறிதாக இருக்கலாம். ஒரு நிரலைத் திறக்க நூற்றுக்கணக்கான சிறு ஃபைல்களைப் படிக்க வேண்டியிருக்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

பிரிப்பதற்குச் சரியான காரணம் வேறு. "/ஹோம்" தனியாக இருந்தால் நாளைக்கு லினக்ஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும். 500 ஜிபி டிஸ்க் என்றால் நான் போடுவது இதுதான்: கணினி தொடங்குவதற்கான இஎஃப்ஐ பார்ட்டிஷன் 512 எம்பி, "/"-க்கு 60 ஜிபி, மீதி முழுவதும் "/ஹோம்". 128 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகமில்லாத டிஸ்க்) என்றால் பிரிக்கவே வேண்டாம், இஎஃப்ஐ போக எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து "/"-க்கு 15 ஜிபி மட்டும் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் நிரம்பிவிட்டது என்று வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற நிறுவல் முறைகள் வழியாக நிறுவும் நிரல்கள் அந்த இடத்தைத்தான் சாப்பிடும்.

டிஸ்க்கோட ஆரம்பத்துல போட்டா வேகம்னு சொல்றாங்களே, நிஜமா?

சுழலும் டிஸ்க்கில் நிஜம். தட்டின் வெளிவட்டம் பெரியது, ஒரு சுற்றில் அதிக தரவு கடந்து போகும். டிஸ்க்கின் முதல் பகுதி அந்த வெளிவட்டத்தில்தான் இருக்கும். வெளிவட்டத்தில் விநாடிக்கு 110 எம்பி வரும் டிஸ்க், உள்வட்டத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான் தரும். ஆகவே "/"-ஐயும் ஸ்வாப்பையும் (ராம் நிரம்பும்போது உதவும் டிஸ்க் இடம்) முன்னால் போடுங்கள், சினிமாவும் ஃபோட்டோவும் பின்னால் இருக்கட்டும்.

எஸ்எஸ்டியில் சுழல்வது எதுவும் இல்லை. முன், பின் என்ற பேச்சே கிடையாது.

எம்பிஆரா ஜிபிடியா?

ஜிபிடி. இரண்டுமே பார்ட்டிஷன் எல்லைகளை டிஸ்க்கில் குறித்து வைக்கும் முறைகள். எம்பிஆர் முறையில் 4 முதன்மைப் பார்ட்டிஷன்கள்தான் போடலாம், 2 டிபிக்கு மேல் உள்ள இடம் கைக்கு வராது. ஜிபிடியில் வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடம் உண்டு. இஎஃப்ஐ வருவதற்கு முந்தைய, ரொம்பப் பழைய பயாஸ் கணினி என்றால் மட்டும் எம்பிஆர் போதும். வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

மலை உயரத்துல ஹார்ட் டிஸ்க் சரியா ஓடாதாமே?

கேள்வியில் விஷயம் இருக்கிறது. டிஸ்க்கின் முனை தட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதந்தபடி படிக்கிறது. உயரம் போகப்போகக் காற்று மெலியும், மிதக்கும் இடைவெளியும் குறையும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஓர் உச்ச உயரம் குறிப்பிடுகிறார்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு அது 3,000 மீட்டரை ஒட்டி இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். ஆகவே நீலகிரியில் எங்கே வைத்தாலும் பயமில்லை.

நான் பயப்படுவது ஈரத்துக்கு. ஜனவரி உறைபனியில் காலை 5 மணிக்கு ஊட்டியில் கிளம்பி, சில்லிட்ட மடிக்கணினியோடு மேட்டுப்பாளையம் இறங்கி, பையிலிருந்து எடுத்த உடனே ஆன் செய்யாதீர்கள். கண்ணாடியில் ஆவி படிவது போல உள்ளேயும் படியும். அரை மணி நேரமாவது பைக்குள்ளேயே விட்டு வையுங்கள்.

எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்... குழப்பாம ஒண்ணு மட்டும் சொல்லுங்க.

எக்ஸ்ட்4.

நீங்கள் சொன்ன மூன்றுமே லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்கள். எக்ஸ்ட்4-க்குக் காரணம் சொல்கிறேன். 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அது நிலையானது என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3 என்று 1993-லிருந்து வரும் குடும்பம். பழுது பார்க்கும் கருவி நன்றாகத் தேறியது, எந்த லைவ் யுஎஸ்பியிலும் (நிறுவாமலேயே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) இருக்கும். நடு இரவில் கணினி எழாவிட்டால் பக்கத்து வீட்டுப் பையன்கூடச் சரிசெய்துவிடலாம். பெரிய சர்வர்கள் சுற்றிலும் இல்லாத ஊரில் இதுவும் ஒரு தகுதிதான்.

வேகத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: வீட்டுக் கணினியில் இந்த மூன்றுக்கும் இடையிலான வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் வரும் வித்தியாசத்தைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். கையில் கொஞ்சம் பணம் ஒதுக்க முடியுமென்றால் ஃபைல் சிஸ்டம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அதற்குச் செலவழியுங்கள்.

நான் பறவைப் படம் எடுக்கறேன். 4 டிபி டிஸ்க் முழுக்க ரா ஃபைல். அதுக்கும் எக்ஸ்ட்4 தானா?

இங்கே எக்ஸ்எஃப்எஸ்ஸை யோசிக்கலாம். சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1990-களில் தன் பெரிய கிராஃபிக்ஸ் கணினிகளுக்காக உருவாக்கியது அது. பெரிய ஃபைல்களைத் தொடர்ச்சியாக எழுதவும், ஒரே நேரத்தில் பல நிரல்கள் எழுதவும் கெட்டிக்காரன். ஒரே குறை, பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. படங்களுக்கென்றே ஒதுக்கிய டிஸ்க்கில் அது ஒரு பிரச்சினையே அல்ல.

எக்ஸ்ட்4 தான் போடுவேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அது இடத்தில் 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென்று, அதாவது கணினியின் நிர்வாகிக்கென்று, ஒதுக்கி வைக்கும். டிஸ்க் நிரம்பினாலும் கணினி மூச்சு விட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. "/"-க்கு அது தேவை. வெறும் படங்கள் இருக்கும் 4 டிபியில் அது 200 ஜிபி! டியூன்2எஃப்எஸ் என்ற கருவியில் எம் என்ற விருப்பத்துக்கு 0 கொடுத்தால் அந்த இடம் உங்கள் கைக்கு வரும், தரவு எதுவும் அழியாது.

அதே டிஸ்க்கை விண்டோஸ் வைத்திருக்கும் நண்பரிடமும் கொடுப்பீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட் போடுங்கள். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபியைத் தொடும் வீடியோ அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறிக்கும் குறிப்பேடு) கிடையாது என்பதால் எஜெக்ட் செய்யாமல் பிடுங்கக் கூடாது.

எங்க ஊர்ல கரண்ட் போய்ட்டுப் போய்ட்டு வரும். எந்த ஃபைல் சிஸ்டம் தாங்கும்?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். ஆடிக் காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் மாலை வரை இருட்டு. ஐப்பசி மழையிலும் அதே கதை. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் மூன்றுமே மின்வெட்டைத் தாங்கும்படி எழுதப்பட்டவைதான். எக்ஸ்ட்4-ம் எக்ஸ்எஃப்எஸ்ஸும் ஜர்னல் வைக்கின்றன: எந்த மாற்றத்தைச் செய்யப் போகிறோம் என்று முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு உரிய இடத்தில் செய்கின்றன. நடுவில் கரண்ட் போனால் அடுத்த முறை தொடங்கும்போது குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடும், அல்லது விட்டுவிடும். பிடிஆர்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டு, பிறகு சுட்டியை மாற்றுகிறது.

ஆனால் ஜர்னல் காப்பாற்றுவது கணக்கை. நீங்கள் தட்டச்சு செய்து கொண்டிருந்ததை அல்ல. எழுதியது உடனே டிஸ்க்குக்குப் போவதில்லை, ராமில் அரை நிமிடம் வரை காத்திருக்கலாம். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். அடிக்கடி சேமிக்கும் பழக்கத்துக்கும் யுபிஎஸ்ஸுக்கும் ஈடான ஃபைல் சிஸ்டம் எதுவும் இல்லை.

ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். பச்சைத் தேயிலை எடைக் கணக்கு வைத்திருந்த ஒரு கணினி மெதுவாக இருக்கிறது என்று கொண்டு வந்தார்கள். எங்கோ படித்ததை நம்பி எக்ஸ்ட்4-ல் பேரியரை அணைத்துவிட்டேன். "ஜர்னல் டிஸ்க்கில் உண்மையாகவே பதிவான பிறகுதான் அடுத்தது" என்று உறுதி செய்யும் ஏற்பாடு அது. வேகம் கொஞ்சம் கூடியது. இரண்டு வாரத்தில் ஒரு காற்று நாளில் கரண்ட் போய், ஃபைல் சிஸ்டமே குழம்பி, அந்த மாதக் கணக்கு முழுவதையும் ரசீதுகளிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டி வந்தது. சிறு விவசாயிகளுக்குப் போக வேண்டிய பணத்தின் கணக்கு அது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பேரியரைத் தொடுவதில்லை.

நோஏடைம் போட்டா பறக்கும்னு படிச்சேன் சார்.

பறக்காது. முன்பெல்லாம் ஒரு ஃபைலைப் படித்தால்கூடப் படித்த நேரத்தை டிஸ்க்கில் எழுதும். அதைத் தவிர்க்கத்தான் நோஏடைம். ஆனால் 2009-ல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து ரிலேடைம் என்ற நடுவழி தானாகவே இருக்கிறது. பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் அந்த நேரத்தை எழுதாது. நோஏடைம் போடுவதால் கெடுதல் இல்லை, பழைய ஹார்ட் டிஸ்க்கில் சிறு ஆதாயம் உண்டு.

போடுவதென்றால், எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுண்ட் செய்வது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் கவனமாக எழுதுங்கள். அதில் ஒரு பிழை இருந்தாலும் கணினி தொடங்காமல் நின்றுவிடும். வெளி டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் என்பதையும் சேர்த்துவிடுங்கள், டிஸ்க் செருகாத நாளிலும் கணினி எழும்.

அரசு கொடுத்த லேப்டாப்தான், 2 ஜிபி ராம். ஸ்வாப் எவ்வளவு போடறது?

ராம் நிரம்பினால் கொஞ்சத்தை டிஸ்க்கில் இறக்கி வைக்கும் இடம்தான் ஸ்வாப். 2 ஜிபி ராமுக்கு 4 ஜிபி போடுங்கள். 8 ஜிபி ராம் என்றால் 2 ஜிபி போதும். மூடி வைத்த இடத்திலிருந்தே தொடரும் ஹைபர்னேட் வசதி வேண்டுமென்றால் மட்டும் ராம் அளவுக்காவது வேண்டும். தனிப் பார்ட்டிஷன் கட்டாயமில்லை, எக்ஸ்ட்4-ல் ஸ்வாப் ஃபைலே போதும், பிறகு அளவை மாற்றுவதும் சுலபம். சுழலும் டிஸ்க் என்றால் முன்னால் ஒரு சிறு பார்ட்டிஷன் நல்லது. ஏன் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் போடுவது இசட்ராம். ராமிலேயே ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்துக்கொள்ளும் ஸ்வாப் அது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா 33 இதைத்தான் இயல்பாக வைத்தது. 2 ஜிபி கணினியில் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் திக்குமுக்காடும் அந்த நேரத்தில் இது நன்றாகக் கை கொடுக்கிறது.

எஸ்எஸ்டில ஸ்வாப் போட்டா தேஞ்சு போயிடுமாமே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்கு 80 டிபி வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு 10 ஜிபி எழுதினாலும் 8,000 நாள், அதாவது 21 வருடத்துக்கு மேல். தாராளமாகப் போடுங்கள்.

கவனிக்க வேண்டியது டிரிம். நீங்கள் அழித்த ஃபைலின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குத் தானாகத் தெரியாது. சொன்னால்தான் அது முன்கூட்டியே துப்புரவு செய்து வேகமாக எழுதும். உபுண்டுவில் வாரம் ஒருமுறை எஃப்எஸ்டிரிம் தானாக ஓடும். மற்றவற்றில் எஃப்எஸ்டிரிம் டைமரை இயக்கி வையுங்கள். 10 சதவீதம் இடத்தையாவது காலியாக விடுங்கள்.

டிஃப்ராக் எப்ப பண்ணணும்?

சிதறிய ஃபைல் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் அந்த வேலை எக்ஸ்ட்4-ல் வேண்டாம். டிஸ்க்கை 90 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் அதுவே ஃபைல்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

விண்டோஸும் இருக்கு. அந்த டி டிரைவ்ல லினக்ஸ்லருந்து எழுத முடியல, படிக்க மட்டும்தான் வருது.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கிக்கொண்டிருக்கும். ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் எழுதினால் கணக்கு கெடும் என்பதால் லினக்ஸ் மறுக்கிறது. அது உங்கள் நன்மைக்குத்தான். விண்டோஸின் பவர் அமைப்பில் அதை அணைத்துவிட்டு ஒருமுறை முழுதாக மூடுங்கள்.

2021-ல் வந்த 5.15 கெர்னலிலிருந்து விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸுக்குப் புதிய, வேகமான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அதற்காக லினக்ஸின் "/ஹோம்"-ஐ என்டிஎஃப்எஸ்ஸில் வைக்க வேண்டாம். பொதுவான ஃபைல்களைப் பகிர மட்டும் அது இருக்கட்டும்.

பிடிஆர்எஃப்எஸ்ல ஸ்னாப்ஷாட் எடுக்கலாமே, அப்புறம் பேக்கப் எதுக்கு?

ஸ்னாப்ஷாட் அருமையான வசதி. அப்டேட் செய்து ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். ஃபெடோரா தன் டெஸ்க்டாப்பில் 2020-லிருந்து இதையே இயல்பாக வைத்திருக்கிறது. ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பேக்கப் என்றால் வேறு டிஸ்க், முடிந்தால் வேறு வீடு.

இதில் இசட்எஸ்டிடி சுருக்கத்தை இயக்கினால் மெதுவான ஹார்ட் டிஸ்க்கில் படிப்பது வேகமாகலாம், குறைவாகப் படித்தால் போதும் என்பதால். மாறாக, டேட்டாபேஸும் மெய்நிகர் கணினி ஃபைல்களும் இதில் சிதறிப் போகும். மேலே சொன்ன "புதிய இடத்தில் எழுதும்" குணம்தான் காரணம். அவை இருக்கும் ஃபோல்டருக்கு மட்டும், காலியாக இருக்கும்போதே அந்தக் குணத்தை அணைத்துவிடலாம். அங்கே செக்சம் (தரவு கெட்டிருக்கிறதா என்று பார்க்கும்) சோதனையும் சுருக்கமும் இருக்காது. நிறையக் கணக்கு மென்பொருள் ஓடும் கணினிக்கு நான் எக்ஸ்ட்4-க்கே திரும்பிவிடுவேன்.

இடம் நிறைய காலியா இருக்கு, ஆனா டிஸ்க் ஃபுல்னு சொல்லுது. எப்படி?

இரண்டு சாத்தியம். ஒன்று, படக்காரருக்குச் சொன்ன அந்த 5 சதவீதம். இன்னொன்று ஐநோடு, அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒதுக்கும் கணக்கு எண். எக்ஸ்ட்4 உருவாக்கும்போதே எத்தனை ஃபைல் வைக்கலாம் என்று முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. லட்சக்கணக்கில் துணுக்கு ஃபைல்கள் குவிந்தால் இடம் இருந்தும் எண் தீர்ந்துவிடும். டிஎஃப் கட்டளையை ஐ விருப்பத்தோடு ஓட்டினால் தெரியும். பார்ட்டிஷனைப் பெரிதாக்காமல் பிறகு கூட்ட முடியாது. குப்பையை அழிக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி ஃபார்மேட்தான்.

போன மாசம் வரைக்கும் நல்லா ஓடிச்சு. எதையும் மாத்தல, இப்ப ஒரு ஃபைல் திறக்கவே ஒரு நிமிஷம் ஆகுது.

ஃபைல் சிஸ்டத்தை விட்டுவிடுங்கள். டிஸ்க் சாகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள், டிஸ்க்ஸ் என்ற நிரலிலேயே இருக்கிறது. "ரீஅலோகேட்டட்", "பெண்டிங்" என்ற வரிகளில் எண் கூடிக்கொண்டே போனால் படிக்க முடியாத இடங்களில் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டிப் பார்க்காதீர்கள். முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுங்கள். இந்த விஷயத்தில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கனவே தப்பா பிரிச்சிட்டேன். ரூட் 98 சதவீதம் ஆயிடுச்சு, ஹோம்ல 300 ஜிபி சும்மா கிடக்கு. டேட்டா போகாம மாத்த முடியுமா?

ரூட் என்று நீங்கள் சொல்வது "/". எக்ஸ்ட்4 என்றால் முடியும். ஆனால் முதலில் மாற்றாமலேயே தப்பிக்கப் பாருங்கள். பழைய கெர்னல்கள், பயன்படுத்தாத ஃபிளாட்பேக்குகள், சிஸ்டம் பதிவுகள் ஆகியவற்றைத் துடைத்தாலே பெரும்பாலும் சில ஜிபி கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிளாட்பேக் நிரல்களைப் பயனர் அளவில், அதாவது "/ஹோம்"-க்குள் நிறுவலாம்.

அதுவும் போதாவிட்டால் லைவ் யுஎஸ்பியில் தொடங்கி, பார்ட்டிஷன்களை மாற்றும் நிரலான ஜிபார்ட்டெட்டில் "/ஹோம்"-இன் முன்பகுதியைக் குறைத்து "/"-ஐ நீட்ட வேண்டும். குறைப்பது சீக்கிரம் முடியும். தொடக்க இடத்தை நகர்த்துவதுதான் உள்ளே இருக்கும் அத்தனையையும் இடம் மாற்றும், மணிக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் ஜர்னல் இங்கே காப்பாற்றாது. அதனால் பேக்கப் எடுத்த பிறகு மட்டும், பேட்டரி நன்றாக இருக்கும் மடிக்கணினியிலோ யுபிஎஸ் உள்ள கணினியிலோ மட்டும், காற்றும் மழையும் இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே தொடங்குங்கள். ஆடியில் கொண்டு வந்தால் நானே மாசி வரை பொறுக்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.